நோன்பில்லாத நாக்கு

ஐஸ்கிறீம் ஆயத்தமாகிவிட்டது. அதை ருசி பார்க்கத்தான் வீட்டில் ஒரு வாய் இல்லை.

நோன்பு மாதம், வெள்ளிக்கிழமை, பகல் இரண்டு மணி. கச்சான் காற்று கல்முனை வீதிப் புழுதியை எல்லாம் வாரிக்கொண்டு வந்து முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஜும்ஆ முடிந்து வந்த கச்சிமுகம்மது தொப்பியைக்கூடக் கழற்றாமல் பிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். உள்ளே ஓர் அலுமினியச் சட்டியில் மகள் றபீக்கா செய்த வட்டிலப்ப ஐஸ்கிறீம் இருந்தது. தேங்காய்ப்பால், முட்டை, கித்துள் கருப்பட்டி, ஏலம், மேலே முந்திரிக் கஜு. மணம் சொல்லி வேலையில்லை.

"வாப்பா, பிரிட்ஜ மூடுங்க. குளிரெல்லாம் வெளிய போகுது," என்றாள் றபீக்கா.

"மூடுறன், மூடுறன். இதுல சீனி சரிதானே?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நானும் நோன்புதானே."

அடுப்படியிலிருந்து மனைவி சரீபா எட்டிப் பார்த்தார். "நாக்கு நுனியில வச்சுப் பாத்துட்டுத் துப்பினா நோன்பு முறியாதாம். ஓதின ஆக்கள் சொல்றாங்க."

"கறி எண்டாத் துப்பலாம் புள்ள. இதத் துப்புற அளவுக்கு எனக்கு மனசு உறுதியில்ல. நாக்குல பட்டா அது தானா உள்ளுக்குப் போயிரும்."

கச்சிமுகம்மதுவிடம் எத்தனையோ குறை உண்டு. தன்னைப் பற்றிப் பொய் சொல்லும் பழக்கம் மட்டும் கிடையாது. மகளைப் பற்றிச் சொல்வார். இன்றைய கரைச்சலுக்கு அதுதான் காரணம்.

போன மாதம் சம்பந்தி வீட்டுக்கு அக்கரைப்பற்றுக்குப் போயிருந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா அப்துல் கபூர் ஹாஜியார் கொழும்பிலிருந்து எடுப்பித்த வெனிலா ஐஸ்கிறீமை டின்னோடு கொண்டுவந்து வைத்தார். கச்சிமுகம்மது இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். சாப்பிட்டவர் சும்மா எழும்பியிருக்கலாம். "இதென்ன ஹாஜியார், எங்கட றபீக்கா வீட்டுலயே இதவிட நல்லாச் செய்வா" என்று ஒரு போடு போட்டார். கச்சிமுகம்மதுவின் மச்சான் குவைத்திலிருந்து அனுப்பிய பிரிட்ஜில் றபீக்கா அதுவரை செய்திருந்தது குச்சியில் செருகிய ஐஸ்பழம் மட்டும்தான்.

மாப்பிள்ளையின் உம்மா நாச்சியா லேசுப்பட்ட ஆள் இல்லை. கல்யாண நாளை ஏற்கெனவே இரண்டு தரம் தள்ளிப்போட்டவர். முதல் தரம், பெண்ணுக்குச் சீதனமாகக் கட்டிய வீட்டில் சுவர் பூசி முடியவில்லை என்றார். சுவரைப் பூசினார்கள். இரண்டாம் தரம், குசினி மேற்குப் பக்கமாக இருக்கிறது என்றார். குசினியைத் தூக்கிக் கிழக்கே வைக்கவா முடியும்? ஐஸ்கிறீம் கதையைக் கேட்டதும், "அப்ப நோன்பு கடைசிப் பத்து நாளைக்குள்ள ஒரு நாள் நோன்பு திறக்க வாறம். அதையும் சாப்பிட்டுப் பாத்துத்தான் நாள் குறிப்பம்" என்று சொல்லிவிட்டார்.

அந்த நாள்தான் இன்று.

நோன்பில்லாத வாய் தேடிக் கச்சிமுகம்மது அக்கம்பக்கம் எல்லாம் விசாரித்தார். அடுத்த வீட்டு ஏழு வயதுப் பிள்ளைகூட, காய்ந்து வெளுத்த நாக்கை நீட்டிக் காட்டி "நானும் நோன்பு!" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு ஓடியது. அப்போதுதான் அவருக்கு இராசதுரையின் ஞாபகம் வந்தது. நீர்ப்பாசனக் கந்தோரில் பக்கத்து மேசைக்காரர், பாண்டிருப்பு ஆள், இன்று லீவிலும் நிற்கிறார்.

சைக்கிளை எடுத்து ஒரே மிதியாக மிதித்தார். இராசதுரை குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வாசலில் நின்றுகொண்டிருந்தார். மனைவி பூமணி கோயிலுக்குப் போயிருந்தார்.

"தம்பி, உங்கட நாக்கு எனக்கு அவசரமா வேணும்."

விஷயத்தைக் கேட்ட இராசதுரை தலையைச் சொறிந்தார். "காக்கா, அது வந்து... நான் இண்டைக்கு—"

"இண்டைக்குத்தான் வேணும். நாளைக்கு ருசி பாத்து நான் என்ன செய்ய?"

"அதில்ல காக்கா, இண்டைக்கு வெள்ளிக்கிழமையெண்டு—"

"ஓம், வெள்ளிக்கிழமதான். ஆறரைக்கு நோன்பு திறக்கிற. ஏறுங்க சைக்கிள்ல. என்ர புள்ளட வாழ்க்க இப்ப உங்கட கையிலதான் இரிக்கி."

ஒரு மனிதரிடம் இப்படிச் சொன்ன பிறகு அவர் என்ன செய்வார், ஏறத்தான் செய்வார்.

றபீக்கா ஒரு சின்னக் கிண்ணத்தில் இரண்டு கரண்டி போட்டுக் கொடுத்தாள். இராசதுரை அதை வாங்கிக்கொண்டு எல்லோரையும் ஒரு தரம் பார்த்தார். மூன்று நோன்பாளிகள், ஆறு கண்கள்.

"உங்களுக்கு முன்னால எப்பிடிச் சாப்பிடுற? நான் கிணத்தடிக்குப் போய்ட்டு வாறன்."

"பாத்தியா, என்ன மரியாத!" என்றார் கச்சிமுகம்மது, மனைவியிடம்.

கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு இராசதுரை வந்தார். "நல்லா இரிக்கி காக்கா."

"மூஞ்சிக்காகச் சொல்லாதீங்க."

"மெய்யாத்தான். ஒரு குறையுமில்ல."

"குறையில்லாம ஒரு சாப்பாடு இரிக்கா? நாச்சியா மாமி வாய் வச்சா ஒம்பது குறை சொல்லுவா. அதுல ஒண்டையாவது இப்ப நீங்க சொல்லுங்க தம்பி. கெஞ்சிக் கேக்கன்."

இராசதுரை முகட்டைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். "சீனி... ஒரு பொட்டு காணாதோ?"

"அப்பிடிச் சொல்லுங்க!"

"வாப்பா, நான் அளந்துதான் போட்டன்," என்றாள் றபீக்கா.

"நீ போட்டவ. அவர் சாப்பிட்டுப் பாத்தவர்."

இறுகிக்கொண்டு வந்த ஐஸ்கிறீமைக் கிண்டிக் கரைத்து, கச்சிமுகம்மது தன் கையாலேயே சீனி போட்டார். அவருடைய கை நெல்லு அள்ளிப் பழகிய கை. ஒரு பொட்டு என்று போட்டது ஒரு கொத்து அளவுக்குக் கிட்ட வந்தது.

மூன்றரை மணிக்கு இரண்டாம் கிண்ணம். இராசதுரை கிணற்றடிக்குப் போய்த் திரும்பினார். அவர் பின்னால் வீட்டுப் பூனையும் வாலைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"இப்ப எப்பிடித் தம்பி?"

போட்ட சீனியைக் கண்ணால் கண்டவர் இராசதுரை. "இப்ப... கொஞ்சம் திகட்டுது போல."

"நினைச்சன்!" கச்சிமுகம்மது மரத்திலிருந்து நாலு தேசிக்காய் பிடுங்கிப் பிழிந்தார். தேங்காய்ப்பால் திரைந்து, சட்டியில் இடியப்பம் ஊறியதுபோல் வந்தது. சரீபா நெஞ்சில் கை வைத்தார். புளிப்பு அடங்க வேண்டுமே என்று அவர் ஒரு கை உப்புப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார். அவர் போட்டது தெரியாத கச்சிமுகம்மது, அதே யோசனை தனக்கும் வர, தானும் ஒரு கை போட்டார். மூலையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த இராசதுரை இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நாலரைக்கு மூன்றாம் கிண்ணம். இந்தத் தரம் பூனை கிணற்றடியிலிருந்து தலையை உதறிக்கொண்டு வேலிக்கு மேலால் பாய்ந்து ஓடியது. இராசதுரை யோசனையோடு திரும்பி வந்தார்.

"காக்கா, உப்பு ரெண்டு கை விழுந்திட்டுது போல."

சரீபாவும் கச்சிமுகம்மதுவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நீங்களும் போட்டீங்களா?"

"நீயும் போட்டியா?"

"யா அல்லாஹ், ரெண்டு கை எண்டு எண்ணியெல்லுவா சொல்றார்! இதென்ன நாக்கா, தராசா?" என்றார் சரீபா.

அதன் பிறகு இராசதுரையின் சொல்லுக்கு மறுசொல் இல்லை. உப்பை முறிக்க இரண்டு போத்தல் பசும்பால் ஊற்றினார்கள். நிறம் கெட்டு, கலங்கிய வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஆயிற்று. வாய்க்கால் தண்ணீரைத் தினமும் பார்க்கிறவர் கச்சிமுகம்மது. அந்த நிறத்தைச் சம்பந்திக்குக் கொடுக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. பெருநாளைக்கென்று வைத்திருந்த றோஸ் சிறப் பாணியை ஒரு போத்தல் முழுக்கக் கவிழ்த்தார். ஒரு சட்டியாக இருந்தது இப்போது இரண்டு சட்டியானது. பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் பிரிட்ஜைத் திறந்து விரலால் தட்டிப் பார்த்தார். பிரிட்ஜ் முக்கியது, முனகியது, கடைசியில் அதுவும் நோன்பாளியைப் போலச் சோர்ந்து பேசாமல் நின்றது.

ஐந்தே முக்காலுக்கு இரண்டு சட்டியிலும் இளஞ்சிவப்பாகக் கஞ்சிதான் தளம்பிக்கொண்டிருந்தது.

நாலாம் கிண்ணத்தோடு கிணற்றடிக்குப் போய் வந்த இராசதுரை, "இனி ஒண்டும் செய்யாதீங்க காக்கா. இதுதான் பதம்" என்றார். சொல்லும்போது கும்பிடுகிற மாதிரி இரண்டு கையும் சேர்ந்துவிட்டது.

கச்சிமுகம்மது குசினிப் படியில் உட்கார்ந்தார். றபீக்கா சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விடியச் சஹர் சாப்பிட்ட கையோடு தேங்காய் துருவத் தொடங்கிய பிள்ளை. அவள் கண் கலங்கியிருந்தது. மூன்றாம் தரமும் நாள் தள்ளிப்போனால் ஊர் என்ன கதைக்கும் என்பதைவிட, தன் வாய்க்கொழுப்புக்கு அவள் அழவேண்டி வந்ததே என்பதுதான் அவரை வாட்டியது.

"என்ர வாயாலதான் கெட்டுது மகள். நீ செஞ்சத அப்பிடியே விட்டிருக்கலாம்."

றபீக்கா மூக்கை உறிஞ்சினாள். பிறகு வாப்பாவைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"உம்மா, அந்தக் கண்ணாடிக் கிளாஸ்கள எடுங்க. சர்பத்துக்குப் போடுற மாதிரிக் கசகசாவ ஊறப் போடுங்க."

மஃரிபுக்கு முன்னமே சம்பந்திமார் வந்துவிட்டார்கள். ஆண்கள் முன் விறாந்தையில், பெண்கள் உள்ளே, நடுவில் திரை. இராசதுரை போய்வருகிறேன் என்று எழும்பினார். கச்சிமுகம்மது விடவில்லை, பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். பாங்கு கேட்டது. பேரீச்சம்பழம், கஞ்சி. அதன் பின் இளஞ்சிவப்புக் கிளாஸ்கள் வந்தன.

கச்சிமுகம்மதுவின் காது இரண்டும் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தன. அங்கே கிளாஸ்கள் கிணுகிணுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"சரீபா," என்று நாச்சியாவின் குரல் கேட்டது. "இதென்னது?"

"அதுதான் மச்சி, ஐஸ்கிறீம்."

"ஐஸ்கிறீமா? கட்டியாக் காணல்லியே?"

"பகல் முழுக்க வெறுவயிறு. கட்டியாக் குடுத்தா நெஞ்சுல பிடிக்குமெண்டு, புள்ள உங்களுக்காண்டி இளக்கித் தந்திரிக்கா."

கச்சிமுகம்மது கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த துஆ எல்லாம் ஓதினார்.

"இன்னொண்டு ஊத்துங்க," என்றார் நாச்சியா.

அந்தக் கச்சான் வெயிலில் பகல் முழுக்க வறண்ட தொண்டைக்கு இனிப்பும் புளிப்பும் உப்புமாக, குளிரக் குளிர இறங்கிய அந்தக் கரைசல் என்ன செய்ததோ, மூன்றாவது கிளாசும் கேட்டு வாங்கினார். பிறகு திரைக்கு இப்பால் கேட்கவேண்டும் என்றே குரலை உயர்த்தினார். "எங்கட ஆள் டின்னுல வாங்கித் தாற சாமான் பல்லுக் கூசப் பண்ணும். இதுதான் ஐஸ்கிறீம்! மருமகள் எனக்கு இதப் பழக்கித் தரணும். பெருநாள் கழிஞ்சு வாற ரெண்டாம் வெள்ளி வைங்க கலியாணத்த!"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் ஹாஜியார். அவர் கையிலும் வெறும் கிளாஸ்தான் இருந்தது.

கச்சிமுகம்மதுவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எழும்பி இராசதுரையின் தோளைக் கட்டிப் பிடித்தார்.

"ஹாஜியார், இந்தத் தம்பி இல்லாட்டி இண்டைக்கு நான் வெக்கப்பட்டுப் போயிருப்பன். நாலு தரம்! நாலு தரம் ருசி பாத்து, சீனி இவ்வளவு, புளி இவ்வளவு எண்டு சொல்லிச் சொல்லித் திருத்தினவர். ரெண்டு கை உப்பு விழுந்ததக் கையோட கண்டுபிடிச்ச ஆள்! இப்பிடியொரு நாக்கு இந்தக் கல்முனைக்குள்ளயே இல்ல."

"அப்பிடியா!" ஹாஜியார் இராசதுரையை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப தம்பி, கலியாணத்துக்கு எட்டுச் சட்டி புரியாணி. நீங்கதான் சட்டிக்குச் சட்டி ருசி பாத்துச் சொல்லணும். நீங்க சொல்லாம ஒரு சட்டி இறங்கப்படாது."

இராசதுரை தன் முன்னால் நிறைந்திருந்த கிளாஸைப் பார்த்தபடி, "அது வந்து ஹாஜியார்..." என்று எழும்பினார். அதற்குள் படலை திறக்கும் சத்தம் கேட்டது. பூமணி, தலையில் கோயில் பூவோடும் கையில் விபூதிப் பொட்டலத்தோடும் முற்றத்தில் வந்து நின்றார்.

"சரீபா ராத்தா, எங்கட ஆள் இஞ்சயா நிக்கார்? கெதியா அனுப்பி விடுங்க. ஆடி வெள்ளி விரதம், விடிஞ்சதில இருந்து பச்சத் தண்ணிகூட அவர்ர வாயில படல்ல!"