பெட்டிக்குள் விழுந்த மூடி

மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. இங்கே நானும் மோல்டிங் மெஷினும் நலம். உங்கள் நலத்தை என் மகளிடம் கேட்டுக்கொண்டேன். போனில் பேசினால் அவள் நடுவில் புகுந்து உங்களுக்கு வக்காலத்து வாங்குவாள் என்பதால் இந்தக் கடிதம்.

இருபது வருஷமாக நம் பட்டறையில் பல் டாக்டருக்குக் கருவிப் பெட்டி செய்கிறேன். கண்ணாடி மாதிரி இருக்கும். ஊசி எது, இடுக்கி எது என்று திறக்காமலே தெரியும். போன வாரம் அதே டாக்டரிடம் நான் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போன நேரத்தில், "இந்த பிளாஸ்டிக் சரியில்லை" என்று மூடியை மட்டும் வேறு பிளாஸ்டிக்கில் ஓட்டிவிட்டீர்கள். வந்து பார்த்தால் ஐந்நூறு மூடியும் பால் நிறம்! ஏன் மாப்பிள்ளை என்றால் சுவரில் சாக்பீஸால் படம் போட்டீங்க. பழைய பிளாஸ்டிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத இழையெல்லாம் சிக்குப் பிடிச்ச தலைமுடியாட்டம் தாறுமாறாக் கிடக்குமாம், வெளிச்சம் நேராப் போயிடுமாம். புதுசுல இழைங்க அங்கங்கே மடிஞ்சு வரிசையா அடுக்கிப் படிகமாயிடுமாம், வெளிச்சம் முட்டிச் சிதறுமாம். படிச்ச பிள்ளை சொல்றாரேன்னு ஒரு மூடியை எடுத்தேன். பெட்டியை மூடினேன் பாருங்க, மூடி பொத்துன்னு உள்ளே விழுந்துடுச்சு! வரிசையா நெருங்கி உட்கார்ற பிளாஸ்டிக் ஆறும்போது கூடுதலாச் சுருங்கும்னு அதே சுவர்ல எழுதினது நீங்கதானே? என் அச்சு பழைய பிளாஸ்டிக்கோட சுருக்கத்துக்கு வெட்டினதுன்னு தெரியாதா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க! டாக்டர் கொடுத்தனுப்பின சாம்பிளைப் பார்த்துட்டு, "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒழுங்கான பெட்டி வரலைன்னா வேற இடம் பார்த்துக்கறேன்"னுட்டார். அவர் போயிட்டா பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

ஆகவே இனி பட்டறைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். நீங்கள் நீண்ட ஆயுளோடு, தூரமாக இருக்க ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: உறையை ஒட்டும்போது டாக்டரே வந்தார். தினமும் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பதில் என் கண்ணாடிப் பெட்டியெல்லாம் விரிசல் விடுகிறதாம். மனசு நோகுமே என்று இருபது வருஷமாகச் சொல்லாமல் புதிது புதிதாக வாங்கினாராம். சாம்பிளையும் துடைத்திருக்கிறார், உங்கள் மூடிக்கு ஒன்றும் ஆகவில்லை. "பெட்டியையும் இதுலயே போடுங்க, உள்ளே என்னன்னு சீட்டு ஒட்டிக்கறேன்" என்கிறார். பெட்டியும் சேர்ந்து சுருங்கினால் மூடி உட்காரும். இது என் யோசனை. மகளிடம் உங்களுடையது என்று அளக்காதீர்கள். காலை எட்டு மணிக்கு வந்துவிடுங்கள். விரிசலே விடாத பெட்டியை ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் வாங்குவான்? அதையும் சுவரில் படம் போட்டுச் சொல்லுங்கள். சாக்பீஸ் வாங்கி வைத்திருக்கிறேன்.