லியாவின் சொந்த மெட்டு

"வண்டி எங்கேன்னு கேட்டா, மெட்டு எப்படின்னு திருப்பிக் கேக்குறீங்களே அண்ணே, இது நியாயமா?"

சுவாங் அக்காவின் குரல் மூன்றாம் மாடிவரை ஏறியது. அவள் இரண்டு கையிலும் குப்பைப் பை. ஒன்றில் மீன் செதில். பின்னால் சந்துக்காரர்கள் பதினொரு பேர், ஆளுக்கொரு பையுடன். பல் வைத்தியர் பாதிச் சவரத்தோடு வந்திருந்தார். மணி பிற்பகல் மூன்று. குப்பை வண்டி வருவது மாலை ஆறரைக்கு.

ஜன்னலில் லியாவ் தலையை நீட்டினார். "அது வண்டிப் பாட்டு இல்லீங்க. என் பாட்டு. சொந்த மெட்டு."

இசையின் வரலாற்றில் இதைப் பொன்நாள் என்றே குறிக்க வேண்டும். நாலே அடி கேட்டதும் ஒரு சந்து முழுக்கச் செருப்பை மாட்டிக்கொண்டு, கையில் காணிக்கையோடு வாசலில் வந்து நிற்பது எந்த மகாவித்வானுக்கு வாய்த்தது?

எங்கள் ஊர் தைவானின் தைனான். இங்கே குப்பையைத் தரையில் வைக்கக் கூடாது, வைத்தால் அபராதம். வண்டி பாடிக்கொண்டே வரும். ஓடிப்போய் நம் கையால் எறிய வேண்டும். தவறவிட்டால் மீன் தலையோடு ஒரு ராத்திரி குடித்தனம். அந்தப் பாட்டை லியாவ் முப்பது வருடமாக, மாலை தவறாமல் கேட்டவர். குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றதும், மகள் யீ-ரூவின் அறையை 'ஒலிப்பதிவுக் கூடமாக' உயர்த்தினார். சுவரெங்கும் முட்டை அட்டை. துணி அலமாரிக்குள் மைக். அதன் எதிரே, குளிர்காலப் போர்வைகளுக்கு நடுவில் வியர்த்துக்கொண்டு அவர். ஒவ்வொரு பதிவும் முடிந்ததும் காற்றுக்காக ஜன்னலைத் திறந்து, பதிந்ததைச் சத்தமாகப் போட்டுக் கேட்பார். யீ-ரூவின் படுக்கை சோபாவுக்கு மாறியது. அவள் முறையிட முடியாது. பாட்டு அவளுடைய கல்யாணத்துக்கு. விருந்தில் அவள் சிவப்பு உடையில் நுழையும்போது ஒலிக்க வேண்டியது.

முதல் நாளே அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "எப்படிம்மா?" என்று அவர் கேட்டபோது யீ-ரூவின் கால் தன்னால் சோபாவுக்கடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது. ஆனால் அப்பாவின் கண் கலங்கியிருந்தது.

"நல்லாருக்குப்பா."

சண்டைக்கு வந்த சந்தும் மரியாதை தெரிந்த சந்துதான். "பாட்டைக் குத்தம் சொல்லல அண்ணே, பாட்டு நல்லாத்தான் இருக்கு," என்று சுவாங் அக்கா பையை இறக்காமல் இறங்கி வந்தாள். "ரொம்பப் பழகின மாதிரி இருக்கு," என்றார் பல் வைத்தியர்.

"நல்ல பாட்டுன்னா அப்படித்தாங்க. முதல் தடவையே பழகினதா இருக்கணும்," என்றார் லியாவ்.

அந்த வியாழக்கிழமை மாலை ஆறரைக்கு நிஜ வண்டி வந்தது. யாரும் அசையவில்லை. "லியாவ் அண்ணன்தான்," என்று சொல்லிவிட்டு அவரவர் தொலைக்காட்சிக்குத் திரும்பினார்கள். சுவாங் அக்கா மட்டும் சந்தேகப்பட்டு ஸ்கூட்டரில் மூன்று தெரு துரத்தி வண்டியைப் பிடித்தாள். கோ என்ற அதன் ஓட்டுநரை அங்கேயே நிறுத்தி அரைமணி திட்டினாள். மனைவியை இழந்த மனிதர். இத்தனை நாள் கழித்துத் திட்ட ஒரு ஆள் கிடைத்ததில் மறுநாள் சீக்கிரமே வந்தார்.

"உங்கப்பாகிட்டச் சொல்லிடு," என்றான் மாப்பிள்ளை சுன்-ஹாவ். "ஹுவாலியன்லேருந்து எங்கம்மா வர்றாங்க."

"நீ சொல்லேன்."

"நான் மாப்பிள்ளை. நல்லாருக்குன்னு மட்டும்தான் சொல்லலாம்."

அன்று மாலை யீ-ரூ துணிந்தாள். "அப்பா, இந்த மெட்டு எங்கயோ..."

லியாவ் ஹெட்போனைக் கழற்றினார். "எங்கயோ?"

அவர் முகத்தைப் பார்த்தாள். "எங்கயோ பெரிய இடத்துல போட வேண்டியதுப்பா."

அவர் அன்றே நாலு பெரிய ஸ்பீக்கருக்குச் சொல்லிவிட்டார்.

கல்யாணத்தன்று சந்து முழுக்க அடைத்துப் பந்தல். இருபத்துநாலு வட்ட மேசை. ஐந்தாவது பதார்த்தம் முடிந்தது. மிஞ்சியதை வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போவது எங்கள் வழக்கம் என்பதால் மேசைதோறும் பிளாஸ்டிக் பைகள் தயாராக இருந்தன. விளக்கு மங்கியது. சிவப்பு உடையில் யீ-ரூ பந்தல் முனையில் வந்து நின்றாள். பாட்டு ஆரம்பித்தது.

நாலு அடி. முதலில் சந்துக்காரர்களின் மேசைகள் எழுந்தன. பிறகு மற்றவை. எலும்பும் நண்டு ஓடும் பைக்குள் போயின, முடிச்சு விழுந்தது. மாப்பிள்ளையின் அம்மாகூட, ஏன் என்று தெரியாமலே, மீன் தலையை முடிந்துகொண்டு எழுந்தாள். இருநூற்று நாற்பது பேர் கையில் பையோடு மணமகளை நோக்கி நடந்து வந்தார்கள். வண்டியைக் காணாமல் பாதியில் நின்றார்கள்.

லியாவ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியாம்மா, எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க."

யீ-ரூ பார்த்தாள். "ஆமாப்பா."

அவள் இப்போது ஹுவாலியனில் பதினோராம் மாடியில் இருக்கிறாள். குப்பையைக் கீழ்த்தள அறையில் போட்டால் போதும்; வண்டிப் பாட்டு காதில் விழாது. வீடு பார்க்கும்போது அவள் கேட்ட ஒரே வசதி அதுதான். சுவாங் அக்கா அந்தக் குப்பை வண்டி ஓட்டுநரையே கட்டிக்கொண்டு அடுத்த பேட்டைக்குப் போய்விட்டாள். லியாவ், அன்று கிடைத்த 'மரியாதை'யால் ஊக்கம் பெற்று, பன்னிரண்டு பாட்டுக்கு ஒரு தொகுப்பு பதிந்துகொண்டிருக்கிறார். பன்னிரண்டும் சொந்த மெட்டு. பன்னிரண்டுக்கும் சந்து எழுந்து நிற்கிறது. கேட்டால் எல்லாரும் நல்லாருக்கு என்கிறார்கள்.

எங்கள் ஊரில் குப்பையைத் தரையில் வைத்தால்தான் அபராதம். 'நல்லாருக்கு' என்று ஒரு மனிதரின் தலையில் வைத்தால் அதற்குப் பெயர் மரியாதை.