குரூப்பை விட்டுத்தான் போனேன், வேலையை விட்டு அல்ல

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே உன் அக்காவும் நானும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் கடிதம் என்றால் விசாரிக்க வேண்டும் என்பதால், விசாரித்ததாக வைத்துக்கொள்.

போன விடுமுறைக்கு வந்தவன் சும்மா இருந்தாயா? "கணக்கு வாத்தியார் கையில இப்படியொரு டப்பா போனா அத்தான்?" என்று சிரித்து, புதுப் போன் ஒன்றை என் தலையில் கட்டி, கம்ப்யூட்டர் டீச்சரிடம் பேசி எங்கள் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பிலும் என்னைச் சேர்க்க வைத்துவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய். இப்போது எங்கள் ஆசிரியர் அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. எனக்கு எதிர் மேஜை அறிவியல் வாத்தியார், கையை நீட்டினால் அவருடைய டீ டம்ளரை எடுத்துவிடலாம், அந்த மனிதர் காலையில் என் முகத்தைப் பார்க்காமல் குரூப்பில் ஒரு ரோஜாப்பூ படம் போடுகிறார், பதிலுக்கு நானும் ஒரு பூ போட வேண்டுமாம், போடாவிட்டால் "கணக்கு சாருக்கு என்ன கோபம்?" என்று அதையும் குரூப்பிலேயே கேட்கிறார்கள். தலைமையாசிரியை அறைக்கு நேரில் போய், "பத்தாம் வகுப்புக் கரும்பலகை ஒரு பக்கம் கழண்டு தொங்குதும்மா, யார் மேலயாவது விழும்" என்றேன். நிமிராமலே, "குரூப்ல போடுங்க சார்" என்றார். போட்டேன். ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்; ஒருவராவது சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. மறுநாள் பலகை என் காலில் விழுந்தது. அதை எவனோ படம் பிடித்துப் போட, அதற்கும் கட்டைவிரல். வந்த ஆத்திரத்தில், வீங்கிய காலோடு உட்கார்ந்து, குரூப்பை விட்டு வெளியேறினேன்.

அடுத்த நாள் போனால் என் மேஜையைத் துடைத்துக் காலி செய்து வைத்திருக்கிறார்கள். என் வகுப்புகளை அறிவியல் வாத்தியாருக்குக் கொடுத்தாயிற்று. பியூனைக் கேட்டேன். "நீங்கதான் வேலையை விட்டுட்டீங்களே சார். 'வெளியேறினார்'னு குரூப்ல பார்த்தேனே." தலைமையாசிரியையிடம் ஓடினேன். அந்த அம்மா என்னிடம் சொல்கிறார், "ஒரு வார்த்தை நேர்ல சொல்லியிருக்கலாமே சார்." எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே சொல். நிர்வாகத்துக்கும் தகவல் போய்விட்டதாம், திங்கட்கிழமை புது ஆள் வருகிறாராம்.

"நான் வேலையை விடலைம்மா."

"அதை குரூப்ல போட்டுடுங்க. நிர்வாகம் அங்கதான் பார்ப்பாங்க."

"குரூப்லதான் நான் இல்லையே."

"சேர்க்கணும்னா அட்மின் சேர்க்கணும் சார். கம்ப்யூட்டர் டீச்சர்தான் அட்மின். பிரசவ லீவுல இருக்காங்க."

ஒரு குழந்தை பிறந்து கொஞ்சம் பெரிதாகும் வரை நான் வேலையில் இருக்கிறேனா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. இதுதான் உன் விஞ்ஞானம்.

பியூன் பரிதாபப்பட்டுத் தன் போனைக் காட்டினான். எனக்குப் பிரிவு வாழ்த்துகள் வரிசையாக வந்திருந்தன. அறிவியல் வாத்தியார் மட்டும் பெரிதாக எழுதியிருந்தார்: 'வேலைக்கு வந்த புதுசுல வகுப்பை அடக்கத் தெரியாம அழுதிருக்கேன். சார் ஒண்ணும் சொல்லாம வந்து கடைசி பெஞ்சில உட்கார்ந்துக்குவார். வகுப்பு கப்சிப்னு ஆயிடும். அவர் இல்லாத மேஜைக்கு எதிர்ல எப்படி உட்காரப் போறேன்னு தெரியல.' நான் எதிரில் இருக்கும்போது ரோஜாப்பூ, போனதும் இவ்வளவு பேச்சு. இதை வாயைத் திறந்து சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளுமா? எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பியூன் முன்னால் அப்படி ஆனதில் இன்னும் ஆத்திரம்.

ஆகவே உன் போனை இந்தக் கடிதத்தோடு பார்சலில் அனுப்புகிறேன். இனி எதுவானாலும் யாரானாலும் முகத்துக்கு நேரேதான் பேசுவேன். நீ நன்றாக இரு, வேளைக்குச் சாப்பிடு, இனி யாரையும் எதிலும் சேர்க்காதே.

கோபம் தீராத ஆசியுடன்,
அத்தான்

பி.கு.: பார்சலில் போனைத் தேடாதே. கம்ப்யூட்டர் டீச்சர் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு என்னைத் திரும்பச் சேர்த்துவிட்டார், வேலை பிழைத்தது. அறிவியல் வாத்தியார் இப்போது எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். நிமிரவில்லை. நானும் நிமிரவில்லை. அவர் எழுதியதற்குப் பதிலாகப் போட, ரோஜாவை விட நல்ல பூவாக ஒன்று உன்னிடம் இருந்தால் உடனே அனுப்பு.