என் மண்டையில் இறங்கிய ஆத்தா

வழுக்கை விழுவது யார் கையிலும் இல்லை. அதை மறைக்கப் போய் எவ்வளவு கேவலப்படுவது என்பது மட்டும் முழுக்க நம் கையில்தான் இருக்கிறது. நான் அந்த உரிமையை மிச்சம் வைக்காமல் பயன்படுத்தியவன்.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் எனக்கு டிசைனர் வேலை. சாமி படங்களுக்கு முடி, நகை, ஒளிவட்டம் எல்லாம் கம்ப்யூட்டரில் நான்தான் போடுவேன். பெண் வீட்டுக்கு ஃபோட்டோ அனுப்ப வேண்டும் என்று அம்மா சொன்னபோது கை சும்மா இருக்கவில்லை. முருகனுக்குப் போட்ட முடியில் கொஞ்சம் எடுத்து எனக்கும் வைத்துக்கொண்டேன். (சாமி சொத்துதான். அப்போது உறைக்கவில்லை.) விருதுநகர் மகேஸ்வரி வீட்டில் ஃபோட்டோ பிடித்துப்போய், அடுத்த வாரமே பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார்கள். ஃபோட்டோவில் பார்த்ததிலேயே எனக்கும் மகேஸ்வரியை ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் நேரில் போய் நின்றால் மண்டை காட்டிக் கொடுத்துவிடுமே!

யாரிடமும் சொல்லாமல் மதுரைக்கு பஸ் ஏறி ஒரு முடி டாக்டரைப் பார்த்தேன். பி.ஆர்.பி. என்றார். கையிலிருந்து ரத்தம் எடுத்து, மெஷினில் சுற்றவிட்டு, மேலே தெளிந்து நின்ற மஞ்சள் நீரை மண்டை முழுக்க ஊசியால் குத்தி இறக்கினார். நம் ரத்தமே தூங்குகிற முடிவேரை எழுப்பிவிடுமாம். "பல தடவை வரணும், பலன் தெரிய மாசக்கணக்காகும், எல்லாருக்கும் வளரும்னு சொல்ல முடியாது, முகம்கூட வீங்கலாம்" என்றும் சொன்னார். நான்தான் 'எழுப்பிவிடும்' என்பதோடு காதை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நெற்றி புடைத்து, வீக்கம் கண் வரை இறங்கியிருந்தது. மண்டையெங்கும் சிவப்புப் புள்ளிகள். காபியோடு வந்த அம்மா, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஏலே, ஆத்தால்ல வந்திருக்கா! தலையெல்லாம் முத்துப் போட்டிருக்காளே!"

"அம்மையெல்லாம் இல்லம்மா. வெயில் சூடு."

"ஆத்தா வந்திருக்கையில சூடுன்னு சொல்லாதலே. கோவிச்சுக்கிருவா."

உடனே வாசலில் வேப்பிலை செருகப்பட்டது. அடுப்படியில் தாளிப்பு நின்றது. எனக்குக் கூழும் இளநீரும். உண்மையைச் சொன்னால் ஃபோட்டோ குட்டும் உடைந்து மகேஸ்வரி கைவிட்டுப் போய்விடுவாள். வாயை மூடிக்கொண்டு வேப்பிலை மேல் படுத்துக் கிடந்தேன். இரண்டொரு நாளில் வீக்கம் வடிந்தது. ஆத்தா இவ்வளவு சீக்கிரம் மனம் இறங்கியதில் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இருக்கங்குடி ஆத்தாளுக்கு உன் முடியத் தாரேன்னு நேந்துக்கிட்டேன்லே. பொண்ணு பாக்கப் போறதுக்கு முன்னாடியே குடுத்துருவோம்."

மொட்டை போடுகிறவர் வேலை இல்லாததுபோலச் சட்டென்று முடித்துவிட்டார். என் சொந்த ரத்தம் ஊற்றிய முடி! அழுகை வந்துவிட்டது. அம்மா அதைப் பக்தி என்று நினைத்து அவரும் அழுதார்.

பெண் பார்க்கப் போன இடத்தில் மகேஸ்வரியின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆத்தாளுக்குன்னு அம்புட்டு முடியையும் குடுத்துட்டீகளே மாப்பிள!" (அம்புட்டு!)

தனியாகப் பேச விட்டபோது மகேஸ்வரி மெதுவாகக் கேட்டாள். "முடிதான் திரும்ப வளந்துருமே. ஏன் மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்கீக?"

அவ்வளவு பிரியமாகக் கேட்டவளிடம் பொய் சொல்ல வரவில்லை. போனால் போகட்டும் என்று முருகன் முடியிலிருந்து மதுரை மெஷின் வரை கொட்டிவிட்டேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்த தன் அப்பாவிடம், "எனக்கு இவுகளயே பேசி முடிங்கப்பா" என்றாள்.

கல்யாணமான கையோடு அம்மாவிடம் முழுக்கதையையும் போட்டுக் கொடுத்ததும் அவளேதான். "ஆத்தா பேர்லயாலே விளையாடுன?" என்று அம்மா கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார். பேசாமலே இருந்திருக்கலாம்.

போன மாதம் எங்கள் முதலாளி வீட்டுக்கு வந்திருந்தார். பாவம், கண் இமையில் கட்டி வந்து வீங்கியிருந்தது. அம்மா காபியை நீட்டிக்கொண்டே ரொம்ப அக்கறையாக விசாரித்தார்.

"இது தானா வந்ததாய்யா, இல்ல மதுரைக்குப் போய்ட்டு வந்தீகளா?"