வாசலில் மூன்று செங்கல்

இந்த வருஷம் ஆற்றுகால் பொங்காலைக்குத் தன் வீட்டு வாசலில் ஒரு செங்கல்கூட விழக் கூடாது என்று சேஷன் தீர்மானித்தார். அந்த வீட்டில் தீர்மானம் போடுவது அவருடைய இலாகா. அது நடக்குமா நடக்காதா என்பது அவர் சம்சாரம் விஜயத்தின் இலாகா. தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆன மனுஷருக்கு இந்தச் சின்ன நிர்வாக விஷயம் இன்னும் பிடிபடவில்லை.

"கேட்டியோ விஜயம்? அன்னிக்குக் கிரில்லைப் பூட்டிடப் போறேன். தண்ணி, மோர், பாத்ரூம் ஒண்ணும் கிடையாது."

"சரி."

"என்ன சரி? துக்க வருஷம், நமக்குப் பொங்கால இல்லை."

"நாம வைக்கப்படாது. வந்தவா தாகத்துக்கு மோர் குடுக்கப்படாதுன்னு எந்த சாஸ்திரத்துல இருக்கு? அதுக்கென்ன, நீங்க சொன்னா சரி."

விஜயம் இவ்வளவு சுலபமாகச் சரி என்றால் அதில் ஏதோ இருக்கும் என்பது மட்டும் சேஷனுக்குத் தெரியும்.

மலையாளக் கும்ப மாசத்தில், அதாவது நம் மாசியில், அந்த ஒரு நாள் திருவனந்தபுரம் முழுக்கப் பெண்கள் தெருவிலேயே மூன்று செங்கல் கூட்டி அம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள். வண்டி ஓடாது, புகைதான் ஓடும். வலியசாலையில் சேஷன் வீட்டு வாசல், வருஷா வருஷம் வரும் வள்ளியூர் சுடலைமாடத்திக்கும் அவள் கூட்டத்துக்கும் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. விடியற்கால ரயிலில் வந்து இறங்குவார்கள். அவர்களுடைய செங்கல்லை விஜயம் வருஷம் பூராவும் கொல்லையில் பத்திரமாக வைத்திருப்பாள். அன்றைக்கு அண்டா நிறையச் சம்பாரம் கலக்குவாள். மோரில் இஞ்சியும் பச்சை மிளகாயும் நாரத்தை இலையும் தட்டிப் போட்டால் இங்கே அதற்குச் சம்பாரம் என்று பேர். அதை ஜக்கில் எடுத்துக்கொண்டு அடுப்பு அடுப்பாக ஓடுவது ஆஷா. ஊர் ஓரத்துக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலை. இருந்தாலும் பொங்காலைக்கு லீவு போட்டுவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு, "அக்கா, இன்னும் ஒரு வாய்" என்று தெருக்கோடி வரை போய்விட்டு வருவாள்.

ஆஷா அவர்களுடைய ஒரே பெண். போன ஆடி மழையில் பைபாஸில் ஸ்கூட்டர் சறுக்கியது. அவ்வளவுதான்.

அவள் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்பது சேஷனின் முந்தைய தீர்மானம். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அவர் மழையைப் பற்றிப் பேசினார். மழை விட்டதும் வெயிலைப் பற்றிப் பேசினார். விஜயம் கிணற்றடிக்குப் போய், முகம் கழுவுகிற சாக்கில் அழுதுவிட்டு வருவாள். சேர்ந்து உட்கார்ந்து அழ அவளுக்கு வீட்டில் ஆள் இல்லை.

சேஷனுக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். சுடலைமாடத்தி வந்ததும் வராததுமாக, "சாமி, ஆஷாக்குட்டி எங்க?" என்று கேட்பாள். பின்னாலேயே ஒவ்வொருத்தியும் கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல அவருக்கு வாய் வராது. யோசிக்க யோசிக்கக் கிரில் பூட்டு போதாதென்று பட்டது. ஊரைவிட்டே போய்விடுவதுதான் உத்தமம்.

"முதல் நாள் சாயங்கால வண்டியில திருநெல்வேலிக்கு, உன் தம்பியாத்துக்குப் போறோம். டிக்கெட் எடுத்தாச்சு."

"பேஷா போலாம். அவனையும் பாத்து நாளாச்சு."

சேஷன் டிக்கெட்டை எடுத்துத் தேதியை இன்னொரு தடவை சரிபார்த்தார்.

பெட்டி கட்டியாயிற்று. ஆட்டோவும் வாசலுக்கு வந்துவிட்டது. கிளம்புகிற சமயத்தில் சேஷனின் பல்செட்டைக் காணோம்.

"கண்ணாடி டம்ளர்லதானே வச்சேன்?"

"நான் பாக்கலையே."

"தேடுடி, வண்டி போயிடும்!"

"பல் இல்லாட்டி என்ன? என் தம்பிதானே, வேத்து மனுஷாளா?"

அந்த இடத்தில்தான் இடித்தது. மச்சினனுக்கு அறுபது வயதிலும் முப்பத்திரண்டும் சொந்தப் பல். அவன் எதிரில் உட்கார்ந்து முறுக்கைக் காபியில் ஊறவைத்துத் தின்ன சேஷன் தயாராக இல்லை. கட்டிலுக்கடியில் தவழ்ந்தார். அரிசி டின்னில் கையை விட்டார். ஆட்டோக்காரன் ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். தம்பானூர் ஸ்டேஷனில் ரயில் ஊதினால் வலியசாலைக்கு நன்றாகக் கேட்கும். அன்றைக்கும் கேட்டது.

காலையில் பல்செட் கண்ணாடி டம்ளரில் இருந்தது. பளிச்சென்று தேய்த்துக்கூட வைத்திருந்தது.

"அங்கேயேதான் இருந்துதா? பாருங்கோ," என்றாள் விஜயம், மோரைக் கடைந்துகொண்டே.

கிரில் திறந்திருந்தது. வாசலில் செங்கல் கூட்டியாகிவிட்டது. சேஷன் அறைக்குள் போய்ப் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சுடலைமாடத்தி எட்டிப் பார்த்தாள். அவர் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

"சாமி, சொவமா இருக்கியளா? ஒரு கொடம் தண்ணி எடுத்துக்கிடுதேன்."

எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்து ஒருத்தி விளக்கேற்றத் தீப்பெட்டி கேட்டாள். எதிர்வீட்டு வாசலில் அடுப்பு வைத்திருந்த ஒரு மலையாளத்துப் பெண், "அங்கிளே, கொறச்சு உப்பு தருமோ?" என்று கொஞ்சம் உப்பு கேட்டாள். அவர் பயந்த கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

அப்பாடா, தப்பித்தோம் என்று முதலில் நினைத்தார். கொஞ்ச நேரம் போனதும் அந்த நிம்மதி புளித்தது. கூடத்துக்கு வந்து நின்றார். பிறகு கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெண்கள் அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வெல்லம் தட்டப் போனார்கள். அவருக்குக் கோபம் வந்தது. இந்தத் தெருவில் காலில் செருப்பில்லாமல் ஓடினாளே, ஒருத்திக்காவது நினைவிருக்கிறதா என்று மனசு எரிந்தது.

கோயிலில் மூட்டிய தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறித் தெருவுக்குள் வந்தது. பானைகள் பொங்கின. குலவைச் சத்தம் எழுந்தது. சம்பாரம் மட்டும் கூடத்தில் அப்படியே இருந்தது.

"யார் கொண்டுபோறது? எனக்கு முட்டி வலிக்கிறது," என்றாள் விஜயம், சுவரைப் பார்த்தபடி.

சேஷன் ஜக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். சுடலைமாடத்தியின் டம்ளரில் ஊற்றினார். பழக்கமில்லாத கை, பாதி தரையில் போயிற்று. அவள் குடித்துவிட்டு, "மாமி கைப்பக்குவம் மாறல சாமி," என்றாள்.

அவரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"ஏம்மா, வருஷா வருஷம் இதை யார் கொண்டுவந்து குடுத்தான்னு உங்கள்ல ஒருத்திக்குமா ஞாபகம் இல்லை? ஆஷா! என் பொண்ணு ஆஷா! அவ செத்துப்போயிட்டாம்மா!"

ஏழு மாசமாகப் பூட்டி வைத்திருந்தது தெருவில் வந்து விழுந்தது. ஜக்கைப் பிடித்தபடியே அவர் குழந்தை மாதிரி அழுதார்.

சுடலைமாடத்தி கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள். "தெரியும் சாமி. ஆடியிலயே மாமி போன்ல சொல்லிட்டாவ. வள்ளியூர்ல நாங்க ஒப்பாரியே வச்சோம்."

"பின்னே ஏன் ஒருத்தியும் கேக்கலை?"

"மாமிதான் கேக்கப்படாதுன்னு கண்டிசனா சொல்லிட்டாவ."

விஜயம் வந்து அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். அன்றுதான் முதல் தடவை. பெண்கள் புகையைச் சாக்காக வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். யாரோ வாழையிலைத் துண்டில் சூடாகப் பொங்கல் வைத்து அவர்கள் மடியில் தந்தார்கள்.

"ஏண்டி கேக்கப்படாதுன்னு சொன்னே?"

"கேட்டா நீங்க உள்ள ஓடிடுவேள். கேக்காட்டி கோச்சுண்டு நீங்களே வந்து சொல்லுவேள்."

சேஷன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். விஜயம் உள்ளே போய் ஜக்கை ரொப்பிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"போங்கோ. அடுத்த தெருவுலயும் யாரும் கேக்கப்படாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."