பிரேதத்தாரின் வாசிப்பு

சுவிஸுக்கு வந்த தமிழர்களில், ஜெர்மன் மொழியில் ‘வணக்கம்’ சொல்லத் தெரியுமுன்னரே ‘பிரேதம்’ என்று சொல்லத் தெரிந்துகொண்டவர் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயரை அகதிகள் மத்தியில் ஒருவரும் பாவித்ததில்லை. எல்லோருக்கும் அவர் பிரேதத்தார்.

எண்பதுகளின் நடுப்பகுதியில், சோலோதுர்னில் அகதிகளுக்கான ஒரு விடுதியில் அவரும் நானும் ஒரே அறை. மற்றவர்கள் வேலைக்கும் விசாவுக்கும் அலைந்தார்கள். இவர் நாவலுக்கு அலைந்தார். அதுவும் கண்டபடி நாவல் இல்லை.

“தம்பி, செத்தவர் வீட்டுக்கு வரவேணும். வந்து கதிரையில இருந்து சோறு கேக்கவேணும். வீட்டுக்காரர் பயப்பிடாமப் போட்டுக் குடுக்கவேணும். வாசிக்கிற நான்தான் நடுங்கவேணும்.”

“அப்ப பேய்க்கதையோ அண்ணை?”

“சீச்சீ! பேய்க்கதையில பேயை விரட்டுவாங்கள். இதில சோறு போடுவினம்.”

இதற்கு மாய யதார்த்தம் என்று ஒரு பெயர் இருப்பது எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது. பெயர் தெரியாத சாமானை, மொழி தெரியாத ஊரில், ஆற்றங்கரையோர வாசிகசாலையில் கேட்கப் போனார். துணைக்கு என்னையும் இழுத்துப் போனார்.

மேசைக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மா. இவர் தனக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன் சொல்லைச் சொன்னார்: “பிரேதம்.” பிறகு விளக்கம் போதாதென்று நினைத்து, நிலத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்துக் கண்ணை மூடிவிட்டார். அம்மா கத்திக்கொண்டு டெலிபோனைத் தூக்கினார். இவர் எழும்பிக் கதிரையில் இருந்து, சோறு குழைத்துச் சாப்பிடுவதுபோலக் காட்டினார். அம்மா டெலிபோனை வைத்தார். பிறகு உள்ளே போய்ச் செங்கல் தடிப்பில் ஒரு புத்தகத்தோடு வந்தார்.

அகராதியோடு அதை எட்டு மாதம் வாசித்தார். அவர் படித்த ஜெர்மன் முழுக்க அந்தப் புத்தகத்திலிருந்துதான். விளைவை அவர் கோப்பை கழுவிய உணவகம் அனுபவித்தது. உருளைக்கிழங்கு முடிந்துவிட்டதா என்று சமையல்காரர் கேட்டாராம். இவர் மிகவும் பணிவாக, “அவை எங்களைவிட்டுப் போய்விட்டன ஐயா. நிழல் மட்டும் மிஞ்சியிருக்கிறது” என்றாராம். சமையல்காரர் நிழலைப் பார்க்க நிலவறைக்கே இறங்கிப் போனார்.

சிரிப்பெல்லாம் விசாரணைக் கடிதம் வரும்வரைதான். நாட்டில் இருக்கலாமா, திரும்பவேண்டுமா என்பதை அந்த ஒரு நாள் தீர்மானிக்கும்.

“அண்ணை, புத்தகத்தை அறையில வைச்சிட்டு வாங்கோ. கதை கட்டிப் பழகினவர் எண்டு நினைப்பாங்கள்.”

“அது கையில இல்லாட்டி எனக்கு வாய் வராது” என்று சொல்லிப் புத்தகத்தையும் கொண்டுபோனார். நான் வெளியே வாங்குப் பலகையில் குந்தியிருந்து நகம் கடித்தேன். உள்ளே நடந்ததை, மொழிபெயர்ப்பாளராக இருந்த தமிழர் பிறகு சொன்னார்.

பிரேதத்தார் சொன்னது இது. ஊரில் குண்டு விழுந்த பிறகு தன் வீட்டைப் பார்க்கப் போனாராம். நாலு சுவரும் இல்லை, கூரையும் இல்லை. வாசல் நிலையும் பூட்டின கதவும் மட்டும் நின்றன. இவர் திறப்பை எடுத்துக் கதவைத் திறந்து உள்ளே போனாராம். வெளியே வரும்போது திரும்பப் பூட்டினாராம்.

அதிகாரி இவருடைய மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். “இது அதில் வருகிறதா?”

“இல்லை ஐயா. அதையும் யாராவது எழுதியிருப்பினமோ எண்டுதான் தேடுறன்.”

“சுவரே இல்லாதபோது கதவை ஏன் திறந்தீர்?”

“கதவு நிக்கேக்க வேற பக்கத்தாலை வீட்டுக்குள்ள போறவன் கள்ளன் எல்லோ?”

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டாராம். எட்டு மாதத்துக்கு மேல் அவரோடு ஒரே அறையில் படுத்தவன் நான். என்ன மாதிரியான கதைக்கு இந்த மனிதர் அலைகிறார் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

அடுத்த வருடம், இருக்கலாம் என்று கடிதம் வந்தது. லா ஷோ-து-ஃபோன் என்ற ஊரில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலை கிடைத்துப் போனார். அங்கே பிரெஞ்சு. முதல் கிழமையே வாசிகசாலையில் நிலத்தில் படுத்துவிட்டதாகக் கேள்வி.

மாதத்தில் ஒரு ஞாயிறு ரயிலேறிப் போய் அவரைப் பார்ப்பேன். வழியில் இருக்கிற பீல் நகரத்தில் ஒரு சாமான் வாங்க வந்தனான், அப்படியே எட்டிப் பார்த்தனான் என்று சொல்வேன். ஞாயிற்றுக்கிழமையில் பீலில் ஒரு கடையும் திறவாது. அது அவருக்கும் தெரியும். ஒருநாளும் கேட்டதில்லை.