சுஹாஸைத் தூக்கிய வைத்தீஸ்வரன்

“இன்னும் ஒருத்தர்கூட சேரலையே, வைத்தீஸ்வரன்” என்றார் எச்.ஆர். தலைவி சுனிதா. “மாசக் கடைசிக்குள்ள ஒரு ஆளையாவது கொண்டு வாங்க. இல்லேன்னா பழையபடி சம்பளப் பிரிவுக்கே போயிடுங்க.”

வைத்தீஸ்வரன் பதினோரு வருடம் சம்பளம் போட்டவர். ஊழியர்களை எண்களாக மட்டுமே அறிந்தவர். கெஞ்சிக் கூத்தாடி, ஆளெடுக்கும் வேலைக்கு இப்போதுதான் மாறியிருந்தார். அந்தப் பெருமையை மனைவி ருக்கு மல்லேஸ்வரம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். இனி திரும்பிப் போனால் மானம் போய்விடும்.

கையில் இருந்தது சுஹாஸ் ஒருவன்தான். ஏஜென்சி அனுப்பிய ஆள். கம்பெனியின் ஹைதராபாத் கிளை வீடியோவில் பேசிப் பார்த்து, விடவே கூடாது என்று எழுதியிருந்தது. இப்போது எங்கே வேலை பார்க்கிறான் என்பதை மட்டும் ஏஜென்சி சொல்லவில்லை. பெங்களூரில் இதெல்லாம் சகஜம்.

“மூணு மாசம் நோட்டீஸ் சார்” என்று போனில் கிசுகிசுத்தான் சுஹாஸ்.

“அந்த மூணு மாசச் சம்பளத்தை உங்க கம்பெனிக்கு நாங்களே கட்டிடறோம். நாளைக்கே ராஜினாமா பேப்பர் போட்டுடுங்க.”

போட்டான். மறுநாளே அழைத்தான்.

“போகாதேங்கறாங்க சார். இருபது பர்சென்ட் ஏத்தித் தராங்களாம்.”

வைத்தீஸ்வரன் சுனிதாவிடம் ஓடினார்.

“இத்தனை நாள் கண்டுக்காம விட்டுட்டு இப்ப ஏத்தறாங்களா? அதெல்லாம் ஒரு கம்பெனியா?” என்றார் சுனிதா. “நாம முப்பது கொடுங்க.”

அவர்கள் முப்பத்தைந்து என்றார்கள். இவர் நாற்பது என்றார். அவர்கள் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்றார்கள். இவர் மூன்று நாள் தந்து, டீம் லீட் பதவியையும் தூக்கிக் கொடுத்தார். எதிராளி யாராயிருந்தாலும் வடிகட்டின முட்டாள் என்று அவருக்குப் பட்டது. கடைசியில் அந்த முட்டாள் ஓய்ந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக யாரையோ ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் வைத்தீஸ்வரன் அன்று இரண்டு மசால் தோசை சாப்பிட்டார்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குச் சரியாக வந்து நின்றான் சுஹாஸ். வைத்தீஸ்வரன் பூங்கொத்தைக் கொடுத்துக் கையைக் குலுக்கினார்.

“டிராஃபிக்ல ரொம்ப கஷ்டப்பட்டீங்களா?”

“பழகிடுச்சு சார்.”

ரிசப்ஷனில் இருந்த வீணாவிடம் திரும்பினார். “இவருக்குப் புதுசா ஒரு ஐடி கார்டு போடும்மா.”

வீணா நிமிர்ந்து பார்த்தாள்.

“சுஹாஸுக்கு எதுக்கு சார் புதுசு? நாலு வருஷமா நம்ம மூணாவது மாடியிலதானே இருக்காரு.”